ருசி பார்க்காத திராட்சை

தொண்ணூறுகளில், ஊர்ச் சண்டைக்குத் தப்பிப் புலம்பெயர்ந்து வந்த புதிதில், நான் வெக்ஸ்போர்ட்டில் எங்கள் ஊர் அண்ணை ஒருவரின் பழக்கடையில் வேலை செய்தேன். ஓகஸ்ட் வந்தால் அவரும் வருவார். பக்கத்து ஆர்மேனியத் தேவாலயத்தைக் கூட்டித் துடைத்து, பூட்டித் திறக்கிறவர். அகன்ற தோள்கள், சிகரெட் புகையில் மஞ்சளேறிய மீசை. ஞாயிறு பூசையில் ஆசீர்வதித்துப் பகிர்வதற்காகத் திராட்சையைப் பெட்டி பெட்டியாக வாங்குவார். ஒன்றைக்கூட வாயில் போட்டுப் பார்க்க மாட்டார்.

"உவர் ருசி பாராமல் கொண்டுபோறார். புளிச்சால் எங்களையெல்லோ ஏசுவார்," என்று முதலாளி அண்ணை என்னிடம் முணுமுணுப்பார்.

ஒருமுறை நானே ஒரு பழத்தைப் பிடுங்கி நீட்டினேன். ஒருவரும் பார்க்கவில்லை, சாப்பிடுங்கள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் முகம் சிவந்தது.

"ஊரில் எங்கள் கோயிலை எரித்தார்கள். பெய்ரூட்டில் கட்டியதன் மேல் ஷெல் விழுந்தது. இங்கே இருப்பது வேறு யாரோ விற்றுவிட்டுப் போன கட்டடம். ஆசீர்வதிக்கும்வரை திராட்சையைத் தொடாமல் பொறுத்திருக்கிற இந்த வாயைத்தான் ஒருவராலும் பறிக்க முடியவில்லை. அதை நீ கேட்கிறாயா?"

ஷெல்லைப் பற்றி எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கையை மடக்கிக்கொண்டேன்.

அவர் பெட்டிகளோடு வெளியே போனதும் அந்தப் பழத்தை நான் வாயில் போட்டேன். பல் கூசுகிற புளிப்பு. கார் நிற்குமிடத்துக்கு ஓடிப்போய், மாற்றித் தருகிறேன் என்றேன்.

அவர் டிக்கியை அறைந்து மூடினார்.

"இது இனிக் கோயிலுக்குரியது. புளித்தால் எல்லோரும் சேர்ந்து புளிப்பைத் தின்போம்."

அந்த ஞாயிறு ஒரு தேவாலயமே முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றிருக்கும். அவர்களுக்கு நடுவில் போய் நிற்க எனக்கு ஆசையாக இருந்தது.