நாலாவது குரூப்

ஜெராக்ஸ் மெஷினிலிருந்து வெளியே வந்த மார்க் ஷீட் நகல் கையில் சுட்டது. மை வாசனை வேறு. அதை அப்பா வாங்கிப் பார்த்தார், மடிக்காமல் சட்டைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

கணக்கில் தொண்ணூற்றொன்று.

அந்த மார்க்தான் என் வினை. கீழ்வேளூர் பக்கம் எங்கள் ஊரில் யார் பார்த்தாலும் “கணக்குல புலியாச்சே, ஃபர்ஸ்ட் குரூப்தானே?” என்றார்கள். புலியாவது ஒன்றாவது... புத்தகத்தில் இருந்த கணக்கையெல்லாம் விடையோடு மனப்பாடம் பண்ணியிருந்தேன். எண்ணை மாற்றிக் கொடுத்தால் தொலைந்தேன். ப்ளஸ் ஒன்னில் அது ஒரு மாதத்தில் வெளுத்துவிடும் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஃபர்ஸ்ட் குரூப் என்றால் கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல். நாலாவது குரூப்பில் வரலாறும் பொருளாதாரமும். கணக்கே கிடையாது! எனக்கு அது போதும். ஆனால் மார்க் வாங்காத பிள்ளைகளைத் தள்ளிவிடும் குரூப் என்று அதற்குப் பெயர். அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

அப்பா கூலிக்கு நடவு நட்ட வீட்டில் பிறந்து, பின்னால் சொந்தமாக ஒன்றரை ஏக்கர் வாங்கியவர். படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஒருநாள் சாயங்காலம் அவர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பாதி முழுங்கி பாதி சொன்னேன்.

“நாலாவது குரூப் எடுக்கலாம்னு இருக்கேன்பா.”

டம்ளரைக் கீழே வைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். முகமெல்லாம் சிரிப்பு.

“குரூப் ஃபோரா? தாலுக்கா ஆபீஸ் வேலைக்கு எழுதுவாங்களே, அதானே?”

அரசாங்க வேலைக்கு எழுதுகிற பரீட்சையையும் பள்ளிக்கூடத்து குரூப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பட்டா, சிட்டா, அடங்கல் என்று தாலுக்கா ஆபீஸ் வாசலில் நின்றே பாதி ஆயுசு போனவர். அந்த வாசலில் காதில் விழுந்த வார்த்தை அது. நான் அந்த நிமிஷமே இல்லப்பா என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தலையை ஆட்டினேனா, சும்மா நின்றேனா, அதுவும் ஞாபகமில்லை.

அதற்கப்புறம் ஒரு வாரம் எனக்கு நரகம். டீக்கடையில், வாய்க்கால் கரையில், உரக்கடையில் எல்லாம் என் பொண்ணு குரூப் ஃபோர் படிக்கப்போவுது என்று சொல்லிவிட்டு வந்தார். அம்மாவிடம், இனிமேல் மனுவை எடுத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டியதில்லை என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் ஃபர்ஸ்ட் குரூப், சொல்லாவிட்டால் அப்பாவை ஏமாற்றின பாவம்.

அட்மிஷன் அன்று இயற்பியல் சார்தான் ஃபாரம் எழுதிக்கொண்டிருந்தார். மார்க்கைப் பார்த்ததும் ஃபர்ஸ்ட் குரூப் என்று எழுதப் போனார். அப்பா எழுந்து நின்று, நாலாவது குரூப் போடுங்க சார், தாலுக்கா ஆபீஸ் வேலைக்குத்தான் என்றார்.

சாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்கவில்லை... அந்த நல்ல மனுஷரை இன்றைக்கும் கும்பிடுகிறேன். அது வேற, இது வேற என்று நிதானமாக விளக்கினார். அந்தப் பரீட்சையை எந்த குரூப் படித்தவரும் எழுதலாம், இந்த குரூப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்.

அப்பா என் பக்கம் திரும்பினார்.

“இது உனக்குத் தெரியுமா?”

“தெரியும்பா.”

“அப்பறம் ஏம்மா அதையே கேட்ட?”

“கணக்கு எனக்கு வரலப்பா. அந்த மார்க் எல்லாம் மனப்பாடம்.”

சொல்லிவிட்டேன். சார் பேனாவை மூடி வைத்துவிட்டு, சும்மா மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டார்.

“அது என்ன கேக்குதோ, அதையே எழுதிக்குங்க சார்.”

அப்பாடா! வெளியே வந்ததும் பசித்தது பாருங்கள், பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் மூன்று பரோட்டா சாப்பிட்டேன். அப்பா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் சைக்கிளை மிதித்தபடி, பின்னால் உட்கார்ந்திருந்த என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“எங்கிட்ட சொல்றதுக்கு உனக்கு என்னம்மா பயம்?”

அவர் என்னை ஒருநாளும் அடித்தவர்கூட இல்லை.

வரலாறு படித்து என்ன கிழித்தாய் என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. எம்.ஏ. வரை ஆசையாகப் படித்தேன், தஞ்சாவூரில் ஒரு வேலை கிடைத்தது. எல்லாவற்றுக்கும் மேலே, நிம்மதியாகத் தூங்கினேன். போதாதா?

இப்போது என் பையன் பத்தாவது முடித்திருக்கிறான். அன்றைக்கு எங்களுக்கு இருந்தது ஒரு ஃபாரம், ஒரு சார். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் பெற்றோர் க்ரூப், கோச்சிங் சென்டரிலிருந்து நாளுக்கு நாலு போன், கவுன்சிலிங்குக்குத் தனி ஆள். நானும் மனசுக்குள் அவனுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று முடிவுகட்டி வைத்திருந்தேன். யாரைச் சொல்ல!

போன வாரம் இட்லியைப் பிட்டுக்கொண்டே, போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்.

“அம்மா, எனக்கு மேத்ஸ் வேணாம். காமர்ஸ் எடுத்துக்கறேன்.”

சுருக்கென்றது, பொய் சொல்ல மாட்டேன். வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவன் இன்னொரு இட்லி கேட்டான். வைத்தேன்.

ஒரு வாரம் தவித்து, அப்பாவையும் ஊரெல்லாம் சொல்ல விட்டு, ஒரு அறைக்குள் நடுங்கிக்கொண்டே நான் சொன்னதை, இவன் சட்னியைத் தொட்டுக்கொண்டே என்னிடம் சொல்லிவிட்டான். என் பிள்ளைக்கு என்னிடம் பயமில்லை.