கதவைச் சாத்தவைத்த ரசம்

பேத்திக்கு ஐதராபாத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. வீடு தேடுகிறாள். எப்படித் தேடுகிறாள் என்று கேளுங்கள். செருப்புகூட மாட்டவில்லை. கட்டிலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு கட்டை விரலால் போனைத் தள்ளுகிறாள். ஒரு தள்ளலுக்கு ஒரு பேட்டை போகிறது, இன்னொரு தள்ளலுக்கு இன்னொரு பேட்டை வருகிறது.

“அப்பாயி, இந்த ஏரியா நல்லாருக்கா பாரு.”

நான் மூன்றாம் வகுப்போடு ஸ்லேட்டை உடைத்துவிட்டு வந்தவள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு சின்னக் கட்டம்தான். “அது என்னடி பெட்டி?” என்றேன்.

“வெஜிடேரியன் மட்டுமான்னு கேக்குது. டிக் அடிச்சாத்தான் இந்த வீடு நிக்கும், இல்லேன்னா மறஞ்சிரும். அடிச்சிரவா?”

நேற்று ராத்திரி கோழிக்காலைக் கடித்து இழுத்த வாய் கேட்கிறது இப்படி. அந்த நேரம் பார்த்து அடுப்பில் மருமகள் வைத்த ரசம் நுரை கட்டி வாசனை வந்தது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ரசம் கொதித்தால் வெட்கப்படுகிற பொம்பளையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரருக்குத் திருச்சியில் ஒரு காலேஜில் வேலை கிடைத்தது ஐம்பதுகளில். கெமிஸ்ட்ரி லெக்சரர். ஊரில் எல்லாருக்கும் அவர் ‘புரபசர்’தான், நானும் திருத்தவில்லை, அவரும் திருத்தவில்லை. புரபசர் குடும்பம் வந்து இறங்கிய இடம் பொன்மலை. அவருடைய பெரியப்பா மகன் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தார். அவர் குவார்ட்டர்சில் ஒரு ரூம், ஒரு சமையலறை. அதில் அவர்கள் இரண்டு பேர், நாங்கள் இரண்டு பேர், பட்டறைச் சட்டையின் கரியும் கிரீஸும் கலந்த வாசனை ஒரு ஆள். அவர் சம்சாரத்தை நான் அக்கா என்பேன். அக்காவுக்கு நிறைமாதம். பிரசவம் பார்க்க அவர் அம்மா வரப்போகிறார். அதற்குள் நாங்கள் கிளம்ப வேண்டும். கிளம்பு என்று யாரும் சொல்லவில்லை. “புரபசர் பொண்டாட்டி, பாத்து உக்காருங்க, சேலையில கரி ஒட்டிக்கும்” என்று மட்டும் அக்கா சிரித்துக்கொண்டே சொல்வார். நான் அந்த வீட்டில் உட்காருவதையே விட்டுவிட்டேன்.

காலேஜில் யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்களாம், கௌரவமான ஆட்கள் இருக்கிற இடம் என்றால் ஸ்ரீரங்கம் என்று. எனக்கும் ஆசைதான். எனக்குக் கௌரவம் பெரிதில்லை; காவிரி முழுக்கு பெரிது. எங்கள் ஊரில் கிணற்றில் வாளி விட்டே தோள்பட்டை கழன்றிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனோம். பெருமாளைச் சேவித்துவிட்டு, என் வீட்டுக்காரர் நெற்றியில் ஒற்றைச் சிவப்புக் கோடும், காதில் துளசியுமாக, உத்தர வீதியில் ஒரு வீட்டில் விசாரித்தோம். உள்ளே நுழைந்தாலே சந்தனமும் பச்சைக் கற்பூரமும் மணக்கிற வீடு. மடிசார் கட்டிய மாமி. வைரத்தோடு பளிச்சென்று மின்னியது. தண்ணீரை என் கையிலேயே கொடுத்தார்.

“காலேஜ்லயா உத்யோகம்? ரொம்ப சந்தோஷம். பூர்வீகம் எதுவோ?”

“திருவெள்ளறை” என்றார் என் வீட்டுக்காரர்.

மாமி முகம் மலர்ந்துவிட்டது. “அடடா, செந்தாமரைக்கண்ணன் ஊர்னா! பெருமாளே பாத்து அனுப்பிச்சிருக்கார்!”

செந்தாமரைக்கண்ணன் ஊர்தான், இல்லை என்று சொல்லவில்லை. கோயில் மதிலுக்கு உள்ளே ஒரு திருவெள்ளறை, வெளியே வேர்க்கடலைக் கொல்லையில் ஒரு திருவெள்ளறை. நாங்கள் கொல்லைத் திருவெள்ளறை. மாமி நினைத்தது மற்றது. நான் அவரைப் பார்த்தேன். அவர் உத்தரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ ஆராய்ச்சி செய்கிறவர் மாதிரி.

மாமி என்னை மட்டும் சமையலறைக்குக் கூட்டிப் போனார். பின்பக்கக் கதவு திறந்து கிடந்தது. அதன் ஓரமாக ஒரு குமுட்டி அடுப்பு. மாமி அந்தப் பக்கம் கையைக் காட்டி, “சாத்தமுது...” என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. வீடு கிடைக்கப்போகிறது, சொன்னதைச் சட்டென்று செய்து நல்ல பேர் வாங்க வேண்டும். ஓடிப்போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டேன்.

சமையலறை கும்மிருட்டு. இருட்டில் நாங்கள் இரண்டு பேர்.

“கதவை ஏன் சாத்தினேள்?”

“நீங்கதானேங்க சாத்தச் சொன்னீங்க?”

பிறகு மாமி மெதுவாகக் கேட்டார். “புளி கரைச்சு, மொளகு ஜீரகம் தட்டிப் போட்டு வெப்பாளே... ஒங்காத்துல அதை என்னன்னு சொல்லுவேள்?”

“ரசமுங்க.”

“ஓ” என்றார்.

அந்த ‘ஓ’வை எழுதிக் காட்ட எனக்குப் படிப்பு பத்தாது. ஐயங்கார் வீட்டில் ரசத்துக்குப் பேர்தான் சாத்தமுதாம்; அது தெரியாதவள் ஐயங்காராக இருக்க முடியாது. கதவை நானே திறந்தேன். வெளிச்சத்தில் பார்த்தால் மாமி முகம் தோடு வரைக்கும் சிவந்திருந்தது. என் கண்ணைப் பார்க்கவில்லை. “எங்கண்ணா பிள்ளை இங்க குடிவரேன்னு சொல்லியிருந்தான். மறந்தே போயிட்டேன் பாருங்கோ” என்று சுவரிடம் சொன்னார். வெயிலில் போகிறோமே என்று மோர் கொண்டுவந்தார். இந்த முறை கையில் தரவில்லை. டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றார். நல்ல மோர். பெருங்காயம், கறிவேப்பிலை எல்லாம் போட்டிருந்தது. அண்ணாந்து குடித்தேன். பாதி மூக்கில் ஏறியது.

பஸ் காவிரிப் பாலத்தில் வரும்போது கீழே அவ்வளவு தண்ணீர். நான் பார்க்கவில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து ரசம் வைக்கிறேன். என் ரசத்துக்காகவே ஒரு கவளம் கூடச் சாப்பிடுவார் மாமனார். அன்றைக்கு என்னவோ, நான் இத்தனை நாள் வைத்தது ஒன்றுமே இல்லை என்பது மாதிரி இருந்தது.

“என்னங்க, கோவமா?”

“உம்மேல எதுக்குக் கோவம்? அந்தம்மா தப்பா நெனச்சப்பவே நான் சொல்லியிருக்கணும்.”

“காலேஜ்ல மணிக்கணக்கா பேசுற வாயி, அங்க எங்க போச்சு?”

“நீ கதவைச் சாத்துனியே, அதோட சேத்துச் சாத்திட்டே.”

சிரிக்கத்தான் சொன்னார். சிரிக்கப் பார்த்தோம். பாலம் முடிகிற வரைக்கும் வரவில்லை.

அடுத்து பார்த்தது பாலக்கரையில். தோல் மண்டி வைத்திருந்த ராவுத்தர் வீட்டு மாடி. அத்தர் வாசனையும் பிரியாணி தம் போட்ட வாசனையும் படிக்கட்டிலேயே வந்து கையைப் பிடித்து இழுக்கும். ராவுத்தர் சம்சாரத்தை அந்தத் தெருவே லாத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடும். அவர் வாய் திறப்பதற்குள் நான் மளமளவென்று கொட்டிவிட்டேன்: “நாங்க வெவசாயக் குடும்பங்க. கறி திம்போம், வெள்ளிக்கிழமை திங்க மாட்டோம். ரசத்தை ரசம்னுதான் சொல்லுவோம். வேற பேரு எதுவும் எனக்குத் தெரியாதுங்க.”

லாத்தாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “யா அல்லாஹ்! நாங்க அதைப் புளியாணம்னு சொல்லுவோம். அதுக்காக வீடு தர மாட்டேன்னா சொல்லப்போறேன்?”

சொல்லிவிட்டு நன்னாரி சர்பத் கொண்டுவந்தார். கொண்டுவந்து, என் முன்னால் தரையில் வைத்தார்.

இங்கேயுமா? லாத்தா முந்தானையைத் திருகிக்கொண்டு, “எங்க கையால வாங்கிக் குடிப்பீங்களோ என்னவோன்னு கீழ வச்சேன். தப்பா எடுத்துக்காதீங்க” என்றார். அவர் முகமும் சிவந்திருந்தது. மாமி முகம் சிவந்த அதே சிவப்பு. அங்கே வைத்த டம்ளருக்கு நான் கூசினேன். இங்கே டம்ளரை வைத்தவர் என்னைப் பார்த்துக் கூசுகிறார். குனிந்து எடுத்தேன். வாய் வைத்துக் குடித்தேன். டம்ளரை அவர் கையிலேயே கொடுத்தேன். அவ்வளவுதான் எனக்குச் செய்யத் தெரிந்தது.

அந்த மாடியில்தான் எங்கள் பிள்ளைகள் பிறந்தார்கள். காலேஜில் ஜாகை எங்கே என்று கேட்டால் மட்டும் என் வீட்டுக்காரர் ரொம்ப நாள் “டவுன்ல” என்றுதான் சொல்வார். டவுன் பெரிசு, எதை வேண்டுமானாலும் உள்ளே வைத்துக்கொள்ளும்.

பல வருஷம் கழித்து ஒரு ஆடிப்பெருக்கில் காவிரிக்கரை அம்மா மண்டபத்துப் படியில் அந்த மாமியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. உடனே குனிந்து, பிழிந்த புடவையையே மறுபடி பிழிய ஆரம்பித்தார். நானும் இல்லாத அழுக்கைக் காலில் தேய்த்துக்கொண்டு நின்றேன். அத்தனை வருஷம் கழித்தும் எங்கள் இரண்டு பேருக்கும் வெட்கம் அப்படியே இருந்தது.

மாமி போய்ச் சேர்ந்துவிட்டார். லாத்தாவும் போய்விட்டார். உத்தர வீதி வீட்டை இடித்து ஃபிளாட் கட்டிவிட்டார்கள். நான் சாத்திய கதவு யார் வீட்டு விறகானதோ.

“அப்பாயி, என்ன பேச்சையே காணோம்? டிக் அடிக்கவா வேணாமா?”

“நீ என்ன திங்கிறியோ அதைச் சொல்லுடி.”

அவள் தோளைக் குலுக்கிவிட்டு, கட்டத்தைத் தொடாமல் விட்டாள். இருந்த வீடு சட்டென்று மறைந்தது. அவள் முகத்தில் ஒன்றுமில்லை. போனுக்கு முகமே இல்லை. கொட்டாவி விட்டுக்கொண்டே அடுத்த பேட்டைக்குத் தள்ளினாள்.

போன் அவளை ஒரு டம்ளர் மோர்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டது.