புல்வெளியில் கேட்ட பாஷை

டென்மார்க்குக்கு வந்த நாளிலிருந்து என் மகள் பேசவில்லை. அவளுக்கு அப்போது ஐந்து வயது. யாழ்ப்பாணத்தில் வாயாடி என்று பெயரெடுத்தவள், இங்கே பாலர் பள்ளியிலும் வாய் திறக்கவில்லை, வீட்டிலும் இல்லை. டொக்டர் காதையும் தொண்டையையும் பார்த்துவிட்டு, குறையொன்றுமில்லை, பொறுத்திருங்கள் என்றார். நாற்பதைத் தாண்டிய நான் ஒரே பிள்ளையின் குரலுக்காகப் பொறுத்திருந்தேன்.

கிரின்ஸ்டெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் எங்களுக்கு வீடு கொடுத்திருந்தார்கள். கணவர் தொழிற்சாலைக்குப் போய்விடுவார். வீட்டின் பின்னால் ஒரு புல்வெளி. நாங்கள் வந்தபோது அது முழுக்கப் பனி. பனி உருகியதும், புல்லோடு புல்லாகப் பதிந்த தட்டைக் கற்கள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. அவற்றில் எழுத்துகள் இருந்தன. மரங்களின் பெயராக்கும் என்றார் கணவர். சுடலை என்றால் சாம்பலும் புகையும் என்றே அறிந்தவர்கள் நாங்கள். புல் வெட்டிப் பூ வைத்திருந்த அந்த இடத்தைப் பூங்கா என்று நம்பினோம். ஞாயிறுகளில் பாய் விரித்து அங்கே இடியப்பம் சாப்பிட்டிருக்கிறோம். கடந்து போனவர்கள் உற்றுப் பார்த்தார்கள். எங்கள் நிறத்தைப் பார்க்கிறார்கள் என்று நினைத்தோம். மற்ற நாட்களில் மகளை அங்கே விளையாட விட்டுவிட்டு, சமையலுக்கு நடுவே யன்னலால் எட்டிப் பார்ப்பேன்.

இலையுதிர்காலத்தில் ஒரு மத்தியானம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு குரல் கேட்டது. மகள் தரையில் இருந்து தன் பொம்மையோடு பேசிக்கொண்டிருந்தாள். எனக்குச் சந்தோஷம் வருவதற்கு முன்பே பயம் வந்துவிட்டது. அது தமிழ் இல்லை, டேனிஷும் இல்லை. தொட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் வயதான பெண்ணைப் போலச் சொற்களை இழுத்து, தாழ்த்திச் சொன்னாள்.

"பிள்ளை, என்ன சொல்லுறாய்?"

என்னைப் பார்த்து, அதே பாஷையில், பொறுமையாகப் பதில் சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமை எஸ்பியர்க்கிலிருந்து கணவரின் நண்பர் வந்தார். ஜெர்மனியின் தெற்கே ஓர் உணவகத்தில் வேலை செய்துவிட்டு இங்கே வந்தவர்; டொச் என்று நாங்கள் சொல்லும் ஜெர்மன் பாஷை கொஞ்சம் தெரிந்தவர். "தம்பி, இது டொச்சோ எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லும்," என்றேன். அவர் தட்டிலிருந்த பேரிக்காயை எடுத்து மகளிடம் காட்டினார்.

"குருஷ்கெ," என்றாள்.

"பிழை. பிர்ன எண்டு சொல்லோணும். இது டொச் இல்லை அக்கா."

"உம்மட டொச் கோப்பை கழுவின டொச்," என்றார் கணவர். "முதலாளி ஏசினதை விட வேற என்ன தெரியும் உமக்கு?"

"ஓம் அண்ணை, ஏச்சில எனக்குப் பட்டமே குடுக்கலாம்."

இருவரும் சிரித்தார்கள். மகள் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கேட்ட நண்பரின் சிரிப்பு அடங்கியது. "டொச் மாதிரியும் கிடக்கு. ஆனா உயிரோட இருக்கிற ஆக்கள் இப்பிடிக் கதைச்சு நான் கேட்டதில்லை அக்கா," என்றார்.

மறுநாள் மகளின் பின்னாலேயே புல்வெளிக்குப் போனேன். மரங்களுக்கு அப்பால், யன்னலிலிருந்து தெரியாத மூலையில், ஒரு வயதான பெண் முக்காலியில் இருந்து ஒரு கல்லைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். என் மகள் அவளருகே குந்தியிருந்தாள். அந்தப் பெண் கல்லிடம் கேட்ட கேள்விகளுக்கு என் மகள் பதில் சொன்னாள்.

எனக்குத் தெரிந்த டேனிஷில், என் பிள்ளைக்கு நீங்களா இதைச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நான் அவளோடு பேசுவதில்லை," என்றாள் அந்தப் பெண். "என் மகனோடு பேசுகிறேன். அவள்தான் பதில் சொல்கிறாள்."

அப்போதுதான் அந்தக் கற்கள் என்னவென்று விளங்கியது. மீதியை அவளே சொன்னாள். இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசி மாதங்களில், அப்போது ஜெர்மனியின் கிழக்கு ஓரமாக இருந்த கிழக்குப் பிரஷ்யாவிலிருந்து கைக்குழந்தையோடு கப்பலேறி வந்தவள் அவள். இங்கே முட்கம்பிக்குள் அகதி முகாம். அங்கே இறந்த குழந்தைகளைப் புதைத்த வரிசைதான் இது. எல்லோரையும் திருப்பி ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். இவள் சில வருடங்களில் பண்ணை வேலைக்காரியாகத் திரும்பி வந்து, இங்கேயே கல்யாணம் செய்துகொண்டாள்.

பின்னாளில் நூலகத்தில் தேடிப் படித்தேன். ஜெர்மன் ஒரே மொழியாகப் பிறந்ததல்லவாம். பல ஆறுகள் போல ஓடியது. தெற்கில் மெய்யொலிகள் மாறின. 'வாட்டர்' என்ற தண்ணீர் அங்கே 'வசர்' ஆனது. வடக்கு பழைய ஒலியைப் பிடித்துக்கொண்டது. அந்த வடக்குப் பேச்சு குடியேறியவர்களோடு கிழக்கே போய், அங்கிருந்த வேறு மக்களின் சொற்களையும் சேர்த்துக்கொண்டது. அந்த ஊர்களிலிருந்து எல்லோரும் துரத்தப்பட்ட பிறகு அந்தப் பேச்சுக்கு நிலம் இல்லை.

அன்று இவையொன்றும் தெரியாமல், "குருஷ்கெ என்றால் என்ன?" என்று அவளிடம் கேட்டேன்.

அவள் முகம் வெளுத்தது. "பேரிக்காய். எங்கள் பக்கத்துச் சொல். நான் அதை இங்கே சொன்னதே இல்லை. இவன் பல் முளைக்கும் முன்பே போனவன். இவனோடு பழத்தைப் பற்றி என்ன பேச?"

எப்போதோ சொல்லிவிட்டு மறந்திருப்பாள். இன்றைக்கும் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். செத்தவீட்டுக்குப் போனாலே தோய்ந்துவிட்டுத்தான் உள்ளே வருவோம். இவள் பிணங்களின் மேல் விளையாடிவிட்டு மாதக்கணக்காக அப்படியே வந்திருக்கிறாள். உடுப்போடு குளியலறையில் நிறுத்தி, தலையில் தண்ணீரை ஊற்றினேன். நிறுத்த முடியவில்லை. "தமிழில கதை பிள்ளை, தமிழில கதை" என்று கத்தியதாக ஞாபகம்.

"அம்மா, குளிருது," என்றாள்.

ஈரத்தோடு அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். அதன் பிறகு அவள் வாய் ஓயவில்லை. கணவர் வேலையால் வந்து கதவைத் திறந்தால், அன்றைய கதை முழுவதும் தமிழில் அவர் மேல் கொட்டும்.

அடுத்த கிழமை கடைவாசலில் அந்தப் பெண் எதிரே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. மகளின் முகத்துக்கு நேரே குனிந்து, அந்த இழுத்த, தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டாள்.

மகள் என் கோட்டுக்குப் பின்னால் ஒதுங்கினாள். "அம்மா, இந்த ஆச்சி என்ன சொல்லுறா?"

அந்தப் பெண் அதையே மறுபடியும் கேட்டாள். பிறகு நிமிராமல், பதிலுக்காகக் காத்திருந்தாள்.