நிமியாவின் எண்

ஜுசாரா மருத்துவம் படிக்க எல்லை தாண்டியபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. பிரேசிலின் ரொந்தோனியாவில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கும் தாய்க்கு ஒரே மகள். பிரேசிலில் தனியார் கல்லூரி என்பதெல்லாம் அவர்கள் வாயில் வரக்கூடாத பேச்சு. பராகுவே பக்கம் பெத்ரோ ஹுவானில் படித்தால் எப்படியோ தாக்குப்பிடிக்கலாம் என்று அவளைப்போல ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அங்கே வந்து குவிந்திருந்தார்கள். அந்த ஊரில் ஒரு சாலைக்கு இந்தப் பக்கம் பராகுவே, அந்தப் பக்கம் பிரேசில். நடுவில் வேலிகூடக் கிடையாது.

வாடகை, சாப்பாடு, புத்தகம் எல்லாவற்றையும் யோசித்து வந்தவள் இணையத்தை யோசிக்கவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த சிம் அவள் அறை இருந்த தெருவுக்குள் நுழைந்தாலே செத்துவிடும். வகுப்பு நேரம் மாறுவதும், பாடக் குறிப்பும், தேர்வுத் தேதியும் வாட்ஸ்அப்பில்தான் வந்தன. முதல் இரண்டு வாரம் சாயங்காலமானால் மற்றப் பிள்ளைகளோடு சாலையைக் கடந்து பிரேசில் நடைபாதையில் போய் உட்கார்ந்துகொள்வாள். பாடக் காணொளிகளை இறக்கிக்கொண்டு, அம்மாவிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரும்புவாள். மழை வந்தால் அதுவும் போச்சு.

கல்லூரி வாசலில் கூடையை வைத்துக்கொண்டு சிபா விற்கும் ஞா எலாடியாதான் வழி சொன்னாள். மூத்த பெண்களை அங்கே மரியாதையாக 'ஞா' என்பார்கள். பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட அந்த ரொட்டிதான் பாதி மாணவர்களுக்குக் காலைச் சாப்பாடு. ஞா எலாடியாவுக்கு அத்தனை பேரின் கஷ்டமும் அத்துப்படி. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பெட்டிக்கடையில் வாரப் பொதி போட்ட சிம் கிடைக்கும், வாட்ஸ்அப் எவ்வளவு பார்த்தாலும் தீராது என்றாள். கடைக்காரன் பாஸ்போர்ட்கூடக் கேட்கவில்லை. தன் பேரிலேயே பதிவு செய்து, பல் குத்தும் குச்சியால் பழைய சிம்மைத் தள்ளி எடுத்துவிட்டுப் புதியதைச் செருகிக் கொடுத்தான்.

அறைக்கு வந்து புதிய எண்ணில் வாட்ஸ்அப்பைத் திறந்தாள். கைபேசி அடங்காமல் அதிரத் தொடங்கியது. ஒரே எண்ணிலிருந்து இருபத்தேழு குரல் செய்திகள் வந்து விழுந்தன. யாரோ தவறிப்போய் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து ஒன்றைத் தொட்டுக் கேட்டாள். ஒரு பெண் குரல். அவசரமில்லாமல், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவதுபோலப் பேசியது. மொழி பராகுவேயின் குவரானி, ஜுசாராவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. பின்னால் கோழிகள் கொக்கரித்தன. இன்னொன்றைக் கேட்டாள். அப்புறம் இன்னொன்று. எதற்காக அத்தனையையும் கேட்டு முடித்தாள் என்று அவளுக்கே பின்னால் விளங்கவில்லை.

மறுநாள் காலையில் மேலும் இரண்டு வந்திருந்தன. குரல் நடுங்கியது. வகுப்பு முடிந்ததும் ஞா எலாடியாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். பிரேசில்காரிக்கு இங்கே ரசிகர்கள் கிடைத்துவிட்டார்களா என்று கேலி பேசிக்கொண்டே அவள் கைபேசியைக் காதில் வைத்தாள். கேட்கக் கேட்க முகம் மாறியது.

"காலையில மொதல்ல வந்ததுல, 'நிமியா, நான் அனுப்பினதுக்கு ரெண்டு டிக் விழுந்திருக்கு. ரெண்டு வருஷமா ஒண்ணுதான் விழுந்துச்சு'ன்னு சொல்றா" என்றாள் ஞா எலாடியா. "அடுத்ததுல, 'நீலமாயிடுச்சு மகளே, கேட்டுட்டே. பேச முடியாத எடத்துல இருந்தா பேச வேணாம். கேட்டுக்கிட்டு மட்டும் இரு'ன்னு சொல்றா."

கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

"யார் வீட்டு நெருப்பையோ மடியில கட்டிக்கிட்டு வந்திருக்கே, பொண்ணே."

ஜுசாரா நேரே பெட்டிக்கடைக்குப் போனாள். பல மாதம் பணம் போடாமல் கிடக்கும் எண்ணை நிறுவனம் திரும்ப எடுத்து விற்கும், இதில் அதிசயம் ஒன்றுமில்லை என்றான் கடைக்காரன். வேண்டுமானால் வேறு சிம் தருகிறேன் என்று ஒன்றை எடுத்தும் வைத்தான். அவள் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இதைப் போட்டால் அந்த எண் மறுபடி அடங்கிவிடும். அந்தப் பெண்ணுக்கு மறுபடி ஒரே டிக் விழும். திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

கேட்காமல் இருந்து பார்த்தாள். செய்திகளின் நீளம் கூடியது, குரல் கம்மியது. கேட்டாள், மறுநாள் குரலில் தெம்பு வந்திருந்தது. விட்டாலும் பாவம், தொட்டாலும் பாவம் என்றாகிவிட்டது அவள் நிலை. எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்கையில் அந்தக் குரல் ஊடே வந்தது. குளிக்கும்போது தண்ணீர் சத்தத்துக்குள் வந்தது. 'சே மெம்பி' என்றால் 'என் பிள்ளை' என்று யாரும் சொல்லாமலே புரிந்தது. கூடத் தங்கியிருந்த தைனாரா, செத்தவள் எண்ணிலிருந்து என்னைக் கூப்பிடாதே என்று சொல்லி அந்த மாதமே வேறு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். செத்தவள் என்று யார் சொன்னது என்று ஜுசாரா கேட்கவில்லை.

இதையெல்லாம் கைபேசியில் சொல்லக்கூடாது என்றாள் ஞா எலாடியா. செய்திகளில் அந்தத் தாய் சொன்ன ஊர்ப்பெயரைக் குறித்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை விற்பனையை விட்டுவிட்டுக் கூடவே கிளம்பினாள். கொன்செப்சியோன் சாலையில் இரண்டு மணி நேரம் பேருந்து. அப்புறம் செம்மண் பாதையில் நடை. நிமியாவின் தாய் ஞா கசில்தா கொட்டகையில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதுகூட இருக்காது. வந்தவர்களுக்குத் தெரேரே ஊற்றிக் கொடுத்தாள். குளிர்ந்த அந்தப் பானம் ஒரு சுற்று முடிந்த பிறகுதான் ஞா எலாடியா வாயைத் திறந்தாள்.

ஞா கசில்தா அழவில்லை. முழுதும் கேட்டுவிட்டு, தன் கைபேசியை எடுத்து ஒரு எண்ணை அழுத்தினாள். ஜுசாராவின் கைக்குள் மணி அடித்தது. தாயின் திரையில் நிமியா என்ற பெயரும், பற்கள் தெரியச் சிரிக்கும் ஒரு முகமும் இருந்தன. மணி தானாக அடங்கும்வரை ஞா கசில்தா அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, நிமியா பிரேசிலில் சாவ் பாவ்லோவுக்குத் தையல் வேலைக்குப் போனவள் என்று சொன்னாள். போய்ச் சேர்ந்து நாலு மாதம் பேசினாள். அதற்கப்புறம் பேச்சு இல்லை. போலீஸ் இரண்டு நாட்டிலும் காகிதம் எழுதி வாங்கிக்கொண்டது.

ஜுசாரா சிம்மைக் கழற்றிக் கொடுக்கப் போனாள். ஞா கசில்தா அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். அவள் சொன்னதை ஞா எலாடியா ஒவ்வொன்றாக மொழிபெயர்த்துச் சொன்னாள்.

"எம் பொண்ணுக்கு வேற யாரோட நம்பரும் மனப்பாடம் கெடையாது. அவ சொந்த நம்பர் மட்டும்தான் தெரியும். ஃபோனைப் பறிகொடுத்திருந்தா, என்னைக்காவது ஒரு ஃபோன் கையில கெடச்சா, அதுக்குத்தான் அடிப்பா. இந்தக் காட்டுல சிக்னல் வரும், போகும். நீ டவுன்ல இருக்கே. நம்பரைச் சாக விடாதே. அடிச்சா எடு."

எடுத்ததும் சொல்ல ஒரு வாக்கியம் குவரானியில் கற்றுக்கொடுத்தாள்: உன் அம்மா உயிரோடு இருக்கிறாள், இருக்கும் இடத்தைச் சொல். ஜுசாரா பத்துத் தடவை சொல்லிக் காட்டினாள். உச்சரிப்பு சரியாக வந்த பிறகுதான் அந்தத் தாய் அவளை விட்டாள்.

அதன் பிறகு தெரியாத எண் எதுவானாலும் அவள் எடுத்தாள். கடன் வேண்டுமா என்பவர்கள், பரிசு விழுந்திருக்கிறது என்று ஏமாற்றுபவர்கள், ராங் நம்பர்கள், எல்லோருக்கும் முதலில் அந்த வாக்கியம்தான். வாய்மொழித் தேர்வின் நடுவே எடுத்ததால் ஒரு பாடத்தில் தோற்றாள். ஞா கசில்தா தினமும் நிமியாவுக்குக் குரல் செய்தி அனுப்புவதை நிறுத்தவில்லை. ஜுசாராவும் கேட்பதை நிறுத்தவில்லை.

நாலாம் வருஷம், மருத்துவமனை நடைகூடத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு அழைப்பு வந்தது. எண் மறைக்கப்பட்டிருந்தது. அவள் எடுத்து வாக்கியத்தைச் சொன்னாள். மறுமுனையில் பேச்சில்லை. மூச்சு விடும் சத்தமும், அதற்குப் பின்னால் ஏதோ விடாமல் தடதடக்கும் சத்தமும் கேட்டன. மில் ஓடுகிறதா, தகரத்தில் மழை விழுகிறதா, சொல்லத் தெரியவில்லை. இன்னொரு முறை சொன்னாள். தொடர்பு அறுந்தது. பதினோரு விநாடி.

அந்த வாரம் முழுவதும் சொல்வதா வேண்டாமா என்று தவித்தாள். ஞாயிற்றுக்கிழமை தனியாகவே பேருந்து ஏறினாள். அதற்குள் அவளுக்குக் குவரானியில் நாலு வார்த்தை பேசத் தெரிந்திருந்தது. ஞா கசில்தா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"எவ்வளவு நேரம்?"

"பதினோரு செகண்டு."

"நீ டாக்டருக்குப் படிக்கிறவ. மூச்சு எப்படி இருந்துச்சு? சின்னதுலேருந்தே அவளுக்கு இளைப்பு உண்டு."

ஜுசாரா அதைக் கவனித்திருக்கவில்லை. யாருடைய மூச்சு என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

"சீரா இருந்துச்சு. இளைப்பு இல்ல" என்றாள்.

ஞா கசில்தா தலையாட்டிவிட்டு வாசல் பக்கம் பார்த்தாள். பிறகு எழுந்துபோய், கோழிகளுக்கு இரண்டாவது தடவையாகத் தீனி போட்டாள்.

நிமியா வரவில்லை. அப்படி ஒரு அழைப்பும் மறுபடி வரவில்லை. ஜுசாரா படிப்பை முடித்து, பிரேசிலில் தேர்வு எழுதித் தேறினாள். சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே, அம்மா வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், சுகாதார நிலையத்தில் வேலை கிடைத்தது. அந்த ஊரில் பராகுவே சிம்முக்குச் சிக்னல் எடுக்காது. அவள் அந்த வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பெத்ரோ ஹுவானுக்குச் சாலையின் எதிர்ப்பக்கம், பிரேசில் ஊரான பொந்தா பொராவில் ஒரு சிறிய கிளினிக்கில் சேர்ந்தாள். பராகுவே கோபுரத்தின் சிக்னல் அவளுடைய மேஜைவரை வருகிறது. வாராவாரம் பணம் போடுகிறாள். நோயாளியின் மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்திருக்கும்போது தெரியாத எண் வந்தால் ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு எடுக்கிறாள். எடுத்ததும் பேசுவதில்லை இப்போது. கொஞ்ச நேரம் மூச்சைக் கேட்கிறாள்.

ரொந்தோனியாவில் அவள் அம்மாவுக்கு இதில் ஒன்றும் புரியவில்லை. படிப்புத்தான் முடிந்துவிட்டதே, இன்னும் எத்தனை வருஷம் அந்த எல்லையிலேயே கிடப்பாய் என்று வாரம் தவறாமல் கேட்கிறாள். அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் ஜுசாரா வேலை அதிகம் என்கிறாள்.

"எப்பப் பாரு வேலைதான்" என்கிறாள் அம்மா. "சரி, வை. நாளைக்குப் பேசறேன். எடுப்பேல்ல?"

எடுப்பேன் என்கிறாள் ஜுசாரா.