கிரீஸ் வைத்து அடக்கிய சத்தம்

இறக்கத்தில் பெடல் போடாமல் விட்டால் என் சைக்கிளின் பின்சக்கரம் கிர்ரென்று கத்தும். காட்டில் அமைதியாகப் போக ஆசைப்பட்டு, கிரீஸை அப்பி அந்தச் சத்தத்தை அடக்கினேன்.

ஏற்காட்டில் கொட்டச்சேடு கிராமத்துக்கு மேலே, காப்பித் தோட்டத்துச் சரளைப் பாதை. கத்திப் பேசிக்கொண்டு நடந்த தோட்டத்துப் பெண்களைப் பார்த்து முகம் சுளித்தபடி, அவர்களைத் தாண்டி இறங்கினேன். அடுத்த வளைவிலேயே, பத்தடியில் காட்டெருமை. பிரேக்கை அழுத்தியதில் நான் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். எருமை மிரண்டு முட்டியதில் அதன் கொம்பில் சைக்கிள் மாட்டிக்கொண்டது. எருமை அதை உதற முடியாமல் பாறையில் அறைந்தது, மறுபடியும் மறுபடியும். ஒவ்வொரு அறைக்கும் கற்கள் என் முகத்தில் தெறித்தன. தோள் எலும்பு உடைந்து கிடந்த நான் மூச்சுக்கூட விடவில்லை. கடைசியில் சைக்கிள் இரண்டாக முறிந்து விழ, எருமை புதருக்குள் பாய்ந்து மறைந்தது.

அந்தப் பெண்கள்தான் ஓடிவந்து தூக்கினார்கள். ஓர் அம்மா தன் துண்டால் என் கையைக் கட்டினார்.

“ஏனுங்க, பூனையாட்டம் வந்தா அது நொம்ப மெரண்டு போயிருமுங்க. நாங்க வாய மூடாம போறதே அதுக்குத்தானுங்க.”

இப்போது புதுச் சைக்கிள். சக்கரத்தைக் கத்த விடுகிறேன். வளைவுக்கு வளைவு நானும் கத்துகிறேன். எதிரே வரும் சுற்றுலாக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள்.