ரப்பர் மேட்டுக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய்

எனக்கு இடது கால் இரண்டு வயதில் போலியோவில் போனது. இரும்புக் கம்பி வைத்த ஷூ போட்டுத்தான் நடப்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் கார் வாங்கியது பந்தாவுக்காக என்று இன்னும் சில பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பர்ச்சேஸ் பிரிவில் எனக்கு வேலை. ஒரு வருடம் எங்கள் பிரிவைப் பாகலூர் சாலையில் புதிதாகக் கட்டிய யூனிட்டுக்கு மாற்றினார்கள். பழைய இடத்துக்கு ஆட்டோவில் போய்விடுவேன். புதிய இடத்துக்குக் கம்பெனி பஸ். அதன் முதல் படியே எனக்கு எட்டாது. இரண்டு ஆண்கள் அக்குளில் கை கொடுத்து என்னை மூட்டையைப் போல ஏற்றினார்கள். ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு பெர்சனெல் மேனேஜரிடம் போய் வேறு வழி கேட்டேன். மே மாதக் கடைசிவரை ஜீப் அனுப்புகிறோம், அதற்குள் நீங்களே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், முடியாவிட்டால் எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றார். எழுதிக் கொடுப்பது என்றால் ராஜினாமா. பதினோரு வருட வேலை.

அப்போது பெங்களூரில் மின்சாரத்தில் ஓடும் ஒரு சின்னக் கார் விற்றார்கள். இரண்டு கதவு. கிளட்ச் கிடையாது, கியர் போடும் வேலை கிடையாது. வலது கால் ஒன்றே போதும். என் காலுக்கென்று செய்ததுபோல இருந்தது. பழகுவதற்கு எல்.எல்.ஆர். எடுத்தேன். டெஸ்டுக்குச் சொந்த வண்டியில்தான் வரவேண்டும் என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் சொன்னார்கள். பேங்க் லோன் கைக்கு வருவதற்குள் மே பிறந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை காலையில் நானும் என் வீட்டுக்காரரும் பஸ் ஏறினோம். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். யாரிடமும் குரலை உயர்த்தாதவர். அந்த வேலையை வீட்டில் நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஷோரூமில் ஒரே ஒரு வண்டி நின்றது. விலையைப் பெரிதாக அச்சடித்துக் கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள். லோனும் எங்கள் கைப்பணமும் சேர்ந்து அந்த விலைக்குச் சரியாக இருந்தது. விற்கிற பையன் கன்னடத்தில் ஆரம்பித்தான், நானும் கன்னடத்தில் பதில் சொன்னேன். ஓசூர் என்றதும் தமிழுக்கு மாறினான். நல்ல பையனாகத்தான் தெரிந்தான். என் காலைப் பார்த்தான். எத்தனை நாளில் வண்டி வேண்டும் என்று கேட்டான். மே மாதம் முடிவதற்குள் என்று நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பதினோரு வருடமாகப் பர்ச்சேஸில் இருக்கிறவள், அவசரத்தை விற்கிறவனிடம் சொல்லக்கூடாது என்பதுகூட அந்த நிமிடத்தில் மறந்துபோனது.

உள்ளே போய் ஒரு தாளில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்தான். அச்சடித்த விலைக்குக் கீழே ஹேண்ட்லிங், வெளி மாநில டெலிவரி, கட்டாய அக்சஸரி கிட் என்று வரிசையாக இருந்தது. கடைசி வரியில் பெயரே இல்லை. பதினைந்தாயிரம் என்று எண் மட்டும். மொத்தத்தில் நாற்பத்திரண்டாயிரம் அதிகம்.

"இந்தப் பதினஞ்சு எதுக்குங்க?"

"அது குடுத்தா இந்த வண்டிய இன்னைக்கே பில் போடலாம் மேடம். இல்லாட்டி புக்கிங். நாலு மாசம் ஆகும்."

ரசீது கேட்டேன். அதற்கு ரசீது வராது என்றான். இன்றைக்குத் தபால் வராது என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்.

என் வேலையே விலையை உடைப்பதுதான். ஒரு ரப்பர் வாஷர் வாங்குவதாக இருந்தாலும் சப்ளையரிடம் பிரேக்-அப் ஷீட் கேட்பேன். சரக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு, கரண்ட் எவ்வளவு, உன் லாபம் எவ்வளவு. ஒவ்வொன்றிலும் பத்துப் பைசாவாவது குறைக்காமல் விடமாட்டேன். அதே பழக்கத்தில் இவனிடமும் பிரேக்-அப் கேட்டேன். அவன் சிரித்துவிட்டான். சந்தையில் ஆடு பிடிக்கிற மாதிரி கேட்கிறீர்களே என்றான்.

"குந்தாரப்பள்ளி சந்தையில துண்டுக்குள்ள கைய விட்டு வெரலப் புடிச்சுத்தான் வெல பேசுவாங்க. ஆனா பேசி முடிச்சா முடிச்சதுதான். நீங்க போர்டுல ஒண்ணு எழுதி வெச்சுட்டு கையில ஒண்ணு எழுதறீங்களே, அவங்க எவ்வளவோ மேல்" என்றேன்.

கிட்டைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். சீட் கவர், மட் ஃபிளாப், கீழே போடுகிற ரப்பர் மேட் நான்கு. மேட்டுக்கு மட்டும் ஆயிரத்து எண்ணூறு போட்டிருந்தான். புரட்டிப் பார்த்தேன். பின்பக்க மூலையில் மூன்று புள்ளிகள். எனக்குத் தெரிந்த அச்சு. எங்கள் கம்பெனிக்கு வாஷர் போடுகிறவர், சிப்காட்டில் இரண்டு பிரஸ் வைத்து நடத்துகிற ஒரு பெரியவர், அவருடைய அச்சு அது.

அப்போதெல்லாம் மாநில எல்லையில் இருக்கிற அத்திப்பள்ளியைத் தாண்டினாலே செல்போனில் ரோமிங் காசு போகும். போனால் போகட்டும் என்று அவரைக் கூப்பிட்டேன். அந்த மேட்டை என்ன விலைக்குப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். நாலு பீஸ் செட் நூத்திப்பத்து ரூபாய் என்றார். இங்கே ஆயிரத்து எண்ணூறு போட்டிருக்கிறார்கள், அநியாயமாக இல்லையா, இவர்கள் உங்களை ஏமாற்றுகிறார்கள் என்று கத்தினேன். ஷோரூமில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் பதற்றமே இல்லாமல் சொன்னார்: "கிலோ கணக்குல பாத்தா உங்க ரேட்ட விட அவுங்களே பரவால்லீங்க மேடம். நீங்கதான் ரொம்ப இறுக்கிப் புடிச்சிருக்கீங்க."

குத்திக்காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். நான் போனை வைத்துவிட்டேன். அடுத்த வருடம் அவருக்கு ரேட்டை ஏற்றினாயா என்று கேட்டால், இல்லை. மேலே ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி பொய்.

கிளம்பலாம், வண்டியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று எழுந்தேன். என் வீட்டுக்காரர் எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டுப் பையைத் திறந்து, தயிர்சாத டப்பாவுக்கு அடியிலிருந்து ஒரு கவரை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஐம்பதாயிரம். பி.எஃப். பணத்திலிருந்து எடுத்திருக்கிறார். இப்படிக் கேட்பார்கள் என்று அவருடைய பள்ளிக்கூடத்தில் யாரோ முன்பே சொல்லியிருக்கிறார்கள். பையன் எழுதிய தாளைவிட அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி.

"தெரிஞ்சும் ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ பஸ்சே ஏறியிருக்க மாட்ட. ஜூன் ஒண்ணாந் தேதி வேலைய விட்டுட்டு வீட்ல ஒக்காந்து யார்கூடச் சண்ட போடுவ? எங்கூடத்தான?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அவர் சொன்னது சரி. சரியாக இருப்பதாலேயே இன்னும் எரிந்தது. கையெழுத்துப் போட்டேன். பதினைந்தாயிரத்தை அந்தப் பையன் எண்ணாமலே டிராயரில் போட்டான். பிறகு எங்களுக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தான். நான் வாங்கவில்லை. வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார்.

மே இருபத்தெட்டாம் தேதி டெஸ்ட். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட் பண்ணுங்கம்மா என்றார். ஸ்டார்ட் ஆகித்தான் இருக்கிறது சார் என்றேன். சத்தமே இல்லாததால் அவர் நம்பவில்லை. வண்டி நகர்ந்த பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். எட்டுப் போடச் சொன்னார், போட்டேன். பின்னால் எடுக்கச் சொன்னார், எடுத்தேன். கையெழுத்துப் போட்டுக்கொண்டே வண்டி என்ன விலை என்று கேட்டார். ரசீது இல்லாத பதினைந்தாயிரத்தையும் சேர்த்தே சொன்னேன்.

"நல்லா ஏமாத்திட்டாங்கம்மா உங்கள."

"ஆமாங்க சார்," என்றேன். "நான் இப்ப வண்டிய எடுத்துட்டுப் போலாமா?"

போகலாம் என்றார். கூட வந்திருந்த வீட்டுக்காரர் அட்மிஷன் வேலைக்காகப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போனார். நான் தனியாகப் பாகலூர் சாலையில் திரும்பினேன். அரை நாள் லீவ் சொல்லியிருந்தேன். பத்தரைக்கே என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.