சித்தப்பாவுக்கு நான் கொடுத்த துப்பாக்கி

எங்கள் பள்ளிக்குப் பக்கத்துப் பூங்காவில் வெண்கலத் தாடியோடு ஒருவர் நிற்கிறார். நூற்றைம்பது வருடங்களுக்கு முன் ஏதோ ஒரு போரில் காலில் குண்டு பட்டு, கப்பலேறி மெல்பேர்ண் வந்து, பேக்கரி திறந்து பணக்காரராகி, கடைசியில் ஊருக்கே மேயரானவர். பீடத்தின் முதல் வரியிலேயே 'போர்வீரர்' என்று செதுக்கியிருக்கிறது. பேக்கரியும் மேயர் பதவியும் அதற்குக் கீழேதான்.

நான்காம் வகுப்பில் அவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். கூடவே, எங்களுக்குத் தெரிந்தவர்களில் அவரைப் போன்ற ஒருவரை வரையவும் வேண்டும். எனக்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை. மல்கிரேவில் எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்த சித்தப்பா இலங்கையிலிருந்து படகில் வந்தவர். ஒரு காலை இழுத்து நடப்பார். சண்டையில் பட்ட காயம் என்று அம்மா சொல்லியிருந்தார். பேக்கரியில் பாண் சுடுவது அவர் வேலை. மேயராவதுதான் பாக்கி. அவர் கையில் பெரிய துப்பாக்கியும் நெஞ்சில் மூன்று பதக்கங்களும் வரைந்து, 'என் சித்தப்பா போர்வீரர்' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். வீட்டில் மூச்சு விடவில்லை.

நல்ல படங்களை நகரசபை நூலகத்தில் மாட்டினார்கள். அதைப் பார்க்க இஸ்திரி போட்ட சட்டையோடு வந்த சித்தப்பாவின் கையை அந்த வருடத்து மேயரே பிடித்துக் குலுக்கி, படத்தைக் காட்டினார். சித்தப்பாவின் முகம் வெளிறியது. சந்தோஷத்தில்தான் என்று நினைத்தேன்.

"சோல்ஜர் இல்லை, சேர். பேக்கர்," என்றார்.

ஆசிரியையிடம் மார்க்கர் வாங்கி அந்தச் சொல்லை அடித்தார். பதக்கங்களைச் சட்டைப் பொத்தான்களாக்கினார். துப்பாக்கியின் நுனியில் ஒரு பலகையை வரைந்தார். அது பாணைப் போறணை அடுப்புக்குள் தள்ளும் நீளக் கட்டையாகிவிட்டது.

வெளியே வந்ததும் ஓவென்று அழுதேன்.

"நான் சண்டை பிடிக்கேல்லை, பிள்ளை. பாண் வாங்க லைனில நிண்டனான். அங்கதான் ஷெல் விழுந்தது," என்றார்.

எனக்குப் பெரிய ஏமாற்றம். பாணுக்கு நின்றவருக்கு யார் சிலை வைப்பார்கள்?

அவருடைய விசா மனு அப்போது பரிசீலனையில் இருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. சிலையின் முதல் வரியில் இருந்த அந்தச் சொல் தன் கோப்பில் ஏறினால், இயக்கத்தில் இருந்து சண்டை பிடித்தவர் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அவர் நடுங்கியிருக்கிறார்.

விசா கிடைக்கப் பல வருடங்களாயின. இப்போது அவருக்குச் சொந்தப் பேக்கரி இருக்கிறது. கல்லாவுக்கு மேலே அந்தப் படம், கண்ணாடி போட்டு. நகரசபைத் தேர்தலில் நில்லுங்கோ என்று வாடிக்கையாளர்கள் சீண்டினால் முன்பெல்லாம் சிரிப்பார். இந்த முறை, விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்டார்.

ஆனால் அன்று நூலகத்திலிருந்து வீடு திரும்பும்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: மேயராகக் கிடைத்த ஒரே வாய்ப்பையும் சித்தப்பா ஒரு மார்க்கரால் கெடுத்துக்கொண்டார்.